எட்டாம் வகுப்பு சொன்ன ஆமென்

கொடைக்கானல்,
11.8.1977

அன்புள்ள விசாலாட்சிக்கு,

உனக்கும் அத்தைக்கும் உடம்பு சுகம்தானே? எனக்குச் சளியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்து யோசித்து, நேற்று ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்ட செய்யுளை நானே ஒருமுறை வாய்விட்டு வாசிப்பது என்பதே அது.

கணவனைப் பிரிந்தவள் பாடும் செய்யுள். ராகமாக இழுத்து வாசித்தேன். எட்டாம் வகுப்பு முழுவதும் எழுந்து கண்ணை மூடிக் கைகூப்பி நின்றது. இந்த மிஷன் பள்ளியில் பெரியவர்கள் குரலை உயர்த்தி வாசித்தால் அது ஜெபம். நான் முடித்ததும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் பரமானந்தம் வந்துவிட்டார்.

"என்ன சார், ஜெபந்தான் வெள்ளனே முடிஞ்சிருச்சே?"

"இது செய்யுள் சார்."

"பொருள எழுதிப்போட்டா பரீட்சைக்குப் போதும். வாசிக்கிற சோலி எதுக்கு?"

என் வாசிப்பு அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது புஷ்பமேரி எழுந்தாள். போன வாரம் இதே செய்யுளைப் பிழையில்லாமல் ஒப்பித்த பெண்.

"சார், அந்தம்மா வீட்டுக்காரரு திரும்பி வந்தாரா, இல்லையா?"

பரமானந்தம் மெல்லக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "ஆமா, வந்தாரா சார்? இன்னொருக்கா வாசிங்க."

விசாலாட்சி, மூன்று முறை வாசித்தேன்! யாரும் இருமக்கூட இல்லை, என்னைத் தவிர.

தொண்டை கட்டிவிட்டது. பனங்கற்கண்டும் நீ இடித்த சுக்குப்பொடியும் கொடைக்கானல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பு. பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுது. வீட்டுப் பூனையைப் பற்றி எழுதினாலும் சரி. இந்தக் கடிதத்தை வாங்கிப்போகத் தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

இனிச் சனிக்கிழமைதோறும் எல்லா வகுப்புகளுக்கும் நான் செய்யுள் வாசிக்க வேண்டும் என்பது பரமானந்தத்தின் உத்தரவு. ஆகவே இந்த வாரம் பழனி வீட்டுக்கு வரவில்லை.

உன்
ஞானவேல்