சிவப்புக் கோடு எந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

ராணுவக் கிடங்கிலிருந்து என் தையல் கடைக்குத் துணி வந்துவிட்டது. புதிய ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கு முப்பத்திரண்டு அணிவகுப்புக் கோட்டுகள். பட்டியலில் இருபதாவது பெயர் என் மகளுடையது. முன்னால் ‘டாக்டர்’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் வேலை காத்திருந்தது. வேண்டாம் என்று பட்டாளத்தில் சேர்ந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றரை வருடமாக நானும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. யார் இறங்கி வருவது? நான் இல்லை.

மார்ச் 4, புதன்

வெட்டுவதற்கும் தைப்பதற்கும் கடையில் ஆட்கள் உண்டு. மார்பில் ரிப்பன் வைப்பதை மட்டும் நான் யாரிடமும் விடுவதில்லை.

சாம்பல் நிற ரிப்பன், ஓர் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு. சிவப்பு கைப்பக்கம் இருந்தால் ஆஸ்பத்திரிப் பணி. அதையே தலைகீழாகத் திருப்பிச் சிவப்பு பொத்தான் பக்கம் வரத் தைத்தால் போர்முனைப் பணி. யாரும் சொல்லித் தரவில்லை. பழைய கோட்டுகளைப் பிரித்துப் பிரித்து நானே கண்டுகொண்டது. புதியவர்களுக்கு எந்த வருடமும் கைப்பக்கம்தான்.

இந்த முறை வந்த சாம்பிள் கோட்டில் சிவப்பு பொத்தான் பக்கம் இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

கிடங்குக்காரரைப் போய்ப் பார்த்தேன். “சாம்பிள்ல ரிப்பன் தலைகீழா இருக்கு.”

“பெரியவரே, போன வருஷம் காலர் தப்புன்னீங்க. அதுக்கு முந்தி பொத்தான் தப்புன்னீங்க.”

“தப்பு இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு, இருந்துச்சு.” சிரித்தார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “இந்தத் தடவை இல்ல. சாம்பிள்ல எப்படியோ அப்படியே தைங்க. வெளிய மூச்சு விடாதீங்க.”

நாற்பது வருடமாக இவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்தத் தடவையும் தப்பு என்று நான் ஜெயித்திருக்கக் கூடாதா?

மார்ச் 9, திங்கள்

மகள் அளவு கொடுக்க வந்தாள். மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். டேப்பைத் தலைகீழாகப் பிடித்து அளந்தேன்.

“டேப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்கப்பா. பிரஷர் மாத்திரை போடறீங்களா?”

“உன் வேலையைப் பாரு.”

“இதுதாம்ப்பா என் வேலை. வாயில இருக்கற குண்டூசியை முதல்ல எடுங்க. முழுங்கிட்டா நான்தான் கிழிச்சு எடுக்கணும்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சொல்லிவிடலாமா? சொன்னால்? பட்டாளத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மார்பளவை இரண்டு தடவை தப்பாக எழுதினேன்.

மார்ச் 17, செவ்வாய்

“தட்டுல கோலம் போடறீங்களா, சாப்பிடறீங்களா?” என்றாள் மனைவி. பசியில்லை என்றேன்.

மார்ச் 26, வியாழன்

முப்பத்தொரு கோட்டில் சாம்பிள்படி தைத்தேன். மகளுடையதில் மட்டும் சிவப்பைக் கைப்பக்கம் திருப்பிவிட்டேன்.

ரிப்பனைத் திருப்பினால் உத்தரவு திரும்பாது. தெரியும். கிறுக்குத்தனம், அதுவும் தெரியும். ஆனா என் கையாலயே எப்படித் தைப்பேன்? முடியல.

தெரிந்தே செய்த தப்பு, வாழ்நாளில் இது ஒன்றுதான்.

மார்ச் 28, சனி

அணிவகுப்புக்கு நான் போகவில்லை. மனைவி மட்டும் போய்வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“முப்பத்திரண்டு பேரும் போர்முனைக்காம். மைக்கில சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க.”

எனக்கு முன்பே தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 30, திங்கள்

வாசலில் நிழல் தட்டினாலே கெட்ட செய்தியோ என்று எழுந்து பார்க்கிறேன். மகள் இன்னும் கிளம்பவே இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் கிளம்பினாள். உறை போட்ட கோட்டைக் கடையில் கொண்டுவந்து கொடுத்தாள். “அங்க இது கூடாதாம்ப்பா. நீங்களே வச்சிருங்க.”

“எப்ப வருவே?” ஒன்றரை வருடத்தில் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

“வந்து கோட்டை வாங்கிக்கறேன்.”

போன பிறகு உறையைத் திறந்தேன். சிவப்பு பொத்தான் பக்கம் இருந்தது. மற்றவர்கள் கோட்டைப் பார்த்திருப்பாள். என் தையலைப் பிரித்து அவளே திருப்பித் தைத்திருக்கிறாள். நூல் என்னுடையது அல்ல. கறுப்பு, வழவழவென்று. ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு, காயத்துக்குப் போடுவதுபோல. எங்கள் தொழிலில் யாரும் இப்படிப் போடுவதில்லை.

பிரித்து ஒழுங்காகத் தைக்க ஊசியை எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது முடிச்சு. ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

ஊசியை வைத்துவிட்டேன்.

தைத்து முடித்து வாங்கிப்போகக் காத்திருக்கும் துணிகளுக்கென்று கடையில் ஒரு கம்பி உண்டு. கோட்டை அதில் மாட்டினேன். சீட்டில் அவள் பெயரை எழுதினேன். முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டேன். வாங்கும் தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன்.