இழுத்துக்கிட்டு இருக்கு

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடி போட்ட டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்து, "அவருக்கு நெஞ்சு வலிச்சா தேதி போட்டு எழுதுங்கம்மா. என்ன செய்யும்போது வந்துதுன்னும் எழுதுங்க" என்றார். வலி என் வீட்டுக்காரருக்கு, எழுத்து வேலை எனக்கு. அவர் பேனா பிடித்தால் பூச்சுக் கரண்டி பிடித்த மாதிரி பூசிவிடுவார். நான் மட்டும் என்ன? மூன்றாம் வகுப்பு. மிச்சமெல்லாம் பஸ் போர்டு பார்த்துப் படித்தது.

வலி: ஒன்று. காலையில் தையல்காரர் வீட்டு மாடிப்படி ஏறும்போது. ஐந்து நிமிஷம்.

எழுதியாயிற்று. பக்கம் பாதி காலியாகக் கிடக்கிறதே? தையல்காரர் வீட்டுக்கு ஏன் போனார் என்றால், சுவர் பார்க்கத்தான். கொத்தனார் இல்லையா, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். எங்கள் கல்யாணம் பேச வந்த அன்றும் தட்டிவிட்டு, "வெளிய பாக்க நல்லா இருக்கு, உள்ள வெறும் காத்துதான்" என்றார். என்னைச் சொல்கிறார் என்று நினைத்து அப்பா எழுந்தே விட்டார்.

மார்ச் 6, வெள்ளி

வலி: இரண்டு. ஒன்று, தண்ணீர் வாளி தூக்கும்போது. இன்னொன்று, அண்ணி பேச்சை எடுத்தபோது. இதையும் எழுதலாமா? வந்தது வந்ததுதானே.

அண்ணி என்றால் அவருடைய அக்கா. மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணி வீட்டுச் சமையலறைச் சுவரை இவர் பூசினார். மூன்றே மாதத்தில் வெடிப்பு. "தம்பின்னு நம்பிக் குடுத்தேன்" என்று அண்ணி தெருவெல்லாம் சொன்னார். "ஏழு நாள் தண்ணி ஊத்தி நனைச்சியா?" என்று இவர் கேட்டார். "நனைச்சேன்." "நனைக்கல." அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீருக்காக இரண்டு குடும்பம் காய்ந்து கிடக்கிறது.

மார்ச் 9, திங்கள்

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் இதயத்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்று ஒரு கம்பிச் சுருள் வைத்தார்கள். அங்கேதான் இப்போது அடைப்பு மாதிரித் தெரிகிறதாம். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "நெஞ்சைத் திறந்துதான் பண்ணணும்" என்றார். திறந்தால் மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது, கையை மேலே உயர்த்தக் கூடாது. கை உயராமல் மட்டப்பலகையை எப்படி இழுப்பது? கலவையை அப்புவது யாரும் செய்யலாம். பலகையை மேலிருந்து கீழே ஒரே சீராக இழுத்து மட்டம் பண்ணுகிறாரே, அதில்தான் அவர் கொத்தனார். அதை விடச் சொன்னால் இவர் இவராகவே இருக்க மாட்டார்.

கண்ணாடி டாக்டர்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். "திறக்கறதுக்கு முன்னால குழாய்ச் செவுத்தை உள்ளேர்ந்து ஒரு தடவை பாத்துடலாம். மணிக்கட்டு வழியா நூல் மாதிரி ஒண்ண விடுவோம். அதோட முனையில வெளிச்சம் இருக்கும். மருந்து விட்டு ரத்தத்தை ரெண்டு மூணு நொடி ஒதுக்கிட்டா செவுரு பளிச்சுன்னு தெரியும்."

இவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "தட்டிப் பாக்க முடியாதாங்க?"

"முடியாதுங்க. பாக்க மட்டும்தான்."

மார்ச் 11, புதன்

வலி இல்லை. பயம் இருந்தது. அது எத்தனை நிமிஷம் என்று எழுத?

மார்ச் 12, வியாழன்

பத்து மணிக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில். முக்கால் மணி ஆச்சு. கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஓடிப் போய், "எப்படிம்மா இருக்காரு?" என்றேன்.

"இழுத்துக்கிட்டு இருக்கும்மா. இப்ப முடிஞ்சிடும்."

கதவைச் சாத்திட்டா.

ஐயோ, நடந்து போன மனுஷன். போகும்போது கூட அந்த வராண்டாச் செவுத்தைத் தட்டிட்டுத்தானே போனாரு? யாருக்குச் சொல்ல — யாரு இருக்கா? கை தானாப் போய் அண்ணிக்குப் போன் போட்டுச்சு. "அண்ணி, இழுத்துக்கிட்டு இருக்காம்... முடிஞ்சிடுமாம்..."

அரை மணியில் அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் அவர் பெண்ணின் செருப்பு. என்னைக் கட்டிக்கொண்டு, "மூணு வருஷம் வீம்பு பண்ணினேனே, பாவி நான்!" என்று அழுதார். நானும் அழுதேன். பக்கத்துப் பெஞ்சு அம்மாளும் கூட அழுதாள். அவளுக்கு எதற்கென்றே தெரியாது.

கண்ணாடி டாக்டர் வெளியே வந்தார். "என்னம்மா ஆச்சு? எதுக்கு அழறீங்க?"

"இழுத்துக்கிட்டு இருக்குன்னு நர்ஸம்மா..."

அவர் ஒரு நிமிஷம் விழித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "அம்மா, இழுத்தது வெளிச்ச முனையை! உள்ள விட்டதைப் பின்னால இழுக்கும்போதுதான் படம் எடுக்கும். மூணு தடவை இழுத்தோம். அவர் நல்லா இருக்காரு. டீ கேக்கறாரு."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸைப் பிடித்தார். "ஏம்மா, வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு? எடுக்கறோம்னு சொன்னா வாய் வலிக்குமா?"

உள்ளே போனோம். இவர் படுத்தபடியே பார்த்தார். "அக்காவா? என்ன, மிச்சச் செவுரும் விழுந்துடுச்சா?"

"வாயைப் பாரு!" என்றார் அண்ணி. அப்புறம் கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டே, "ரெண்டு நாள்தான்டா நனைச்சேன். அப்புறம் மறந்துட்டேன்" என்றார்.

இவர் டீயில் பாதியை அக்காவிடம் நீட்டினார். வலி பற்றிக் கேட்க மறந்தே போனேன்.

மார்ச் 13, வெள்ளி

வலி இல்லை. நெஞ்சைத் திறக்க வேண்டாம்!

டாக்டர் படத்தைக் காட்டினார். முறுக்கு மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் உற்றுப் பார்த்து விரல் வைத்தார். "செவுரு நல்லா இருக்குங்க. இங்கதான் கம்பி வலை செவுத்தோட ஒட்டாம நிக்குது."

"அதேதான்" என்றார் டாக்டர். "அஞ்சு வருஷம் முன்னால வச்சப்பவே சரியா விரியல. நேத்தே பலூன் வச்சு அழுத்தி ஒட்ட வச்சாச்சு. மறுபடி உள்ள விட்டும் பாத்துட்டோம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவருக்கு ஒரே பெருமை. தன் உள்சுவரைத் தானே பார்த்த கொத்தனார் வேறு யார் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டார். நோட்டை வாங்கிப் படித்த டாக்டர் தன் பட்டப்பெயரைப் பார்த்திருப்பாரோ? பார்த்திருப்பார். சிரித்துக்கொண்டேதான் திருப்பிக் கொடுத்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

வலி இல்லை. டாக்டர் வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார். முதல் வேலை அண்ணி வீட்டுச் சமையலறை.

மதியம் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார்.

"அவர் என்ன பண்றாரு அண்ணி?"

"இழுத்துக்கிட்டு இருக்கான்."

"சரி, முடிஞ்சதும் சாப்பிட வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.