முதலிடம் பிடித்த கப்பல்

ஈஜிபுரா, பெங்களூர்
12.8.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

வித்யாவின் வணக்கங்கள். உங்கள் முழங்காலும் அம்மாவின் சர்க்கரையும் சொன்னபடி கேட்கின்றனவா? நான் நலம். போனில் பேசினால் அம்மாவும் கேட்பாள் என்பதால் எழுதுகிறேன்.

எண்ணெய்க் கப்பல்களில் எது சிக்கனமாகப் புகை விடுகிறது என்று ஒப்பிடுவது எங்கள் அலுவலக வேலை. ஒரு டன் எண்ணெயை ஒரு மைல் கொண்டுபோக எவ்வளவு கரிப்புகை என்பதுதான் கணக்கு. இம்முறை முதலிடம் நம் தம்பி மதியழகன் வேலை செய்யும் கிழட்டுக் கப்பலுக்கு. கேக் வெட்டினோம்.

அனுமதித்த எடைக்கு மேல் எண்ணெய் ஏற்றினால், டன்னுக்கு இவ்வளவு என்ற புகைக்கணக்கு குறையும். தம்பியின் கப்பல் அப்படித்தான் ஜெயித்திருக்கிறது. மேனேஜர் கிரேஸிடம் காட்டினேன்.

“கப்பல் மெதக்குதா முழுகுதான்னு நம்மள யாரும்மா கேட்டாங்க? பொகையத்தான கேட்டாங்க. கேக் சாப்பிடு” என்றார்.

மூழ்கிய கப்பல் புகையே விடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கும் பரிசு கொடுத்துவிடுவார்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்காகக் குழம்பு வைக்கத் தோன்றுவதில்லை.

இன்னொன்று. அடுத்த வாரம் அந்தக் கப்பல் கொச்சியில் மறுபடியும் எண்ணெய் ஏற்றும். பிறகு மழைக்காலக் கடல். தம்பி போன் செய்தால் கொச்சியிலேயே இறங்கி வரச் சொல்லுங்கள். அக்காவுக்குக் கல்யாணம் என்றால் கேப்டன் விடுவார். வந்த வரனையெல்லாம் நான் தட்டிக்கழித்ததைப் பார்த்த தம்பிதான் நம்பமாட்டான். அதனால் நீங்கள் சொன்ன ஆம்பூர் வரனையே பேசி முடித்துவிடுங்கள். எனக்குச் சம்மதம்.

கூரியர்காரர் காத்திருக்கிறார்.

உங்கள் மகள்,
வித்யாலட்சுமி