பட்டினிக்கு அடங்காத கட்டி

புக்கிட் செலம்பாவ் தோட்டம்,
1943, ஆவணி மாதம்.

சயாம் ரயில் பாதை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் வேலை பார்க்கும் அருமைத் தம்பி தர்மலிங்கத்துக்கு அக்கா மருதம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. உனக்குக் காய்ச்சல் வராதிருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு, லாரி ஓட்டும் மூசா அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே பால்வெட்டு நின்று, ரப்பர் மரங்களுக்கு நடுவே மரவள்ளிக்கிழங்கு நட்டிருக்கிறோம். சீனியைக் கண்ணால் பார்த்தே வெகுநாளாகிறது. உன் புத்தகப் பெட்டியில் கரையான் ஏறவில்லை.

இனி என் மார்புக்கட்டி விஷயம். சித்திரையில் ரயில் பாதை வேலைக்கு உன்னைப் பிடித்துப் போவதற்கு முன், வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்து நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. மற்றச் சதை சர்க்கரையைக் காற்றோடு சேர்த்து முழுசாக எரிக்கும், புற்றுச்செல் மட்டும் காற்று இருந்தும் கள்ளுப்பானை மாதிரி புளிக்க வைக்கும், அதனால் தீனி ஏராளம் வேண்டும் என்றாய். கிழங்கும் கஞ்சியும் வயிற்றில் சர்க்கரையாகத்தான் மாறும், நிறுத்தினால் கட்டி வாடும் என்றாய். டிரெஸர் தம்பி சொல்லை அக்கா தட்டுவேனா?

அன்று முதல் வெறும் கீரைத் தண்ணீர்தான். லயத்து வரிசை வீட்டுப் பெண்களிடம் காரணம் சொல்லக் கூச்சப்பட்டு, அம்மனுக்கு விரதம் என்றுவிட்டேன். புண்ணியவதிகள், அதற்கப்புறம் கஞ்சிப்பானையை என் வாசல் வழியாகக்கூடக் கொண்டுபோகவில்லை.

நான்கு மாதத்தில் என் வளையல் முழங்கைக்கு ஏறியது. கட்டியோ எலுமிச்சையாக இருந்தது கொய்யாவாகிவிட்டது. கோபம் வந்தாலும் அதன் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை, தம்பி. நான் வாயை மூடினால் உடம்பு என் கைச்சதையைக் கரைத்துச் சர்க்கரை செய்கிறது போலிருக்கிறது. அதையும் இந்தக் கட்டி முதல் பந்தியில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறது! வாங்கியதை முழுசாக எரிக்காமல் புளிக்கவைத்து வீணடிக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அது தினமும் புது வீடு கட்டுகிறது. எல்லாவற்றையும் விறகாக எரித்துவிட்டால் கட்டுவதற்கு மரம் ஏது? உன் புத்தகத்தில் இப்படி எங்காவது படித்த நினைவிருக்கிறதா, சொல்.

போன வெள்ளிக்கிழமை கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். பக்கத்து வீட்டு ராக்காயி என் வாயைப் பிடுங்கி உண்மையை வாங்கிவிட்டாள். "அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ மொதல்ல தின்னு லா" என்று திட்டித் திட்டியே கிழங்கை ஊட்டினாள். இப்போது எழுந்து நடக்கிறேன். அக்குளில் இன்னொன்று வந்திருக்கிறது.

உன் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நீ படித்தது பொய்யில்லை, இது நம் இரண்டு பேரையும்விடக் கெட்டிக்காரக் கட்டி, அவ்வளவுதான். ஆனால் அங்கே ஆஸ்பத்திரிக் கொட்டகையில் யாரையும் பட்டினி போடாதே. உன் சோற்றைத் தானம் செய்துவிட்டுப் படுக்காதே. உன் குணம் எனக்குத் தெரியாதா?

நான் வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். தீபாவளி வரை தாங்குவேன் என்று ராக்காயியிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். அதற்குள் வந்துவிடப்பா. அதற்கு மேல் என்னைக் காத்திருக்கச் சொல்லாதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அக்கா,
மருதம்மாள்