சுவரில் ஒட்டியிருந்த என் கையெழுத்து

மேலப்பாளையம்
9.8.2024

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் ஷம்ஸியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளை யஹ்யாவும் மாமியும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். மாமியின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தம்மாமில் வெயில் கொளுத்துகிறது என்று ஷேக் மைதீன் காக்கா சொன்னார்கள். தலையில் துணி போடாமல் மொட்டை மாடியில் ஏசி மாட்ட ஏறாதீர்கள். காக்கா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சவூதிக்குக் கிளம்புகிறார்கள். இந்தக் கடிதத்தை அவர்களிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். புது வேலையைப் பற்றிச் சொன்னதிலிருந்து பதினொரு நாளாக நீங்கள் என் அழைப்பை எடுக்கவில்லை. கடைசியாக அனுப்பிய குரல் செய்தியில், "எங்க வீட்டுப் பொம்பள ஊருச் சாக்கடையில போயா வேலை பாக்கணும்? நெனச்சாலே கொமட்டுது" என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கும் மூன்று வாரமாகக் குமட்டல்தான் மச்சான். சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் வேறு. வண்ணார்பேட்டை ஆய்வக வேலையை நான் ஏன் விட்டேன் என்பதை உங்களுக்கும் மாமிக்கும் அரைகுறையாகத்தான் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது முழுவதும் எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உங்கள் கூட்டாளி சொல்லித்தான் பிப்ரவரியில் அந்தத் தண்ணீர் பரிசோதனை ஆய்வகத்தில் சேர்ந்தேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, இருபத்தொரு வயதில் கல்யாணம், இருபத்திரண்டு வயதில் பிள்ளை என்று வீட்டிலேயே இருந்தவள் நான். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற முதல் நாள் பெருநாள் மாதிரி இருந்தது. ஏசி அறை, பளபளவென்று டைல்ஸ் தரை. மாமி தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்கள்.

கேன் தண்ணீர் விற்கிறவர்கள் தங்கள் தண்ணீரில் கொஞ்சம் சோதனைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மருந்து போட்ட சின்னக் குப்பியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைப்போம். நல்ல தண்ணீர் என்றால் அப்படியே இருக்கும். மனிதக் கழிவு கலந்திருந்தால் கறுத்துவிடும். ஏப்ரலில் ஒரு கம்பெனித் தண்ணீர் மூன்று குப்பியிலும் மையாகக் கறுத்திருந்தது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அறையை நிறைத்தது. அவர்கள் ஆற்றோரத்தில் போர்வெல் போட்டிருக்கிறார்கள். அதன் மேலேயே ஏதோ ஒரு சாக்கடை இறங்குகிறது போல.

முதலாளி அருணாசலம் அண்ணாச்சியிடம் குப்பிகளைக் காட்டினேன். அவர் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. "நீ புதுசுல்லாம்மா. கையி பட்டிருக்கும். நான் வேற பாட்டில் தாரேன், அத வச்சி எழுது" என்றார். உள்ளே போனார். நாங்கள் குடிக்கிற தண்ணீர் பில்டரைத் திறந்து பாட்டிலை நிரப்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "இதுவும் அவங்க தண்ணிதான்" என்றார்.

மறுநாள் அந்தக் குப்பி கறுக்கவில்லை. 'குடிக்க ஏற்றது' என்று எழுதி, நான் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னை மிரட்டவில்லை மச்சான். நானாகத்தான் போட்டேன். அன்று காலையில்தான் யஹ்யாவைச் சேர்க்க மழலையர் பள்ளியில் இடம் கேட்டுவிட்டு வந்திருந்தேன். இந்த வேலை போனால் மறுபடி அடுப்படிக்குள் போய்விடுவேன் என்று பயந்தேன். ஒரு காகிதம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் அப்படி இரண்டு காகிதங்களில் போட்டிருக்கிறேன்.

ஜூலையில் யஹ்யாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருந்தது நினைவிருக்கிறதா? மாம்பழம் ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களிடம் சொன்னேன். மூன்றாம் நாள் கண் உள்ளே போய், தலை நிற்காமல் தோளில் துவண்டுவிட்டான். குளுக்கோஸ் ஏற்ற, நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறவரைப் பதற வைக்க வேண்டாம் என்று மாமி தடுத்துவிட்டார்கள்.

குணமானதும் அவனைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். எப்போதும் வாசலோடு விட்டுவிடுகிறவள், அன்று வகுப்பு வரை போனேன். அவன் வகுப்பில் ஆறு பிள்ளைகள் வந்திருக்கவில்லை. எல்லோருக்கும் அதே வயிற்றுப்போக்கு. மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. அதில் ஏப்ரலில் கறுத்த அந்தத் தண்ணீர்க் கம்பெனியின் பெயர். கேனுக்கு மேலே சுவரில், கண்ணாடிக் காகிதம் போட்டு, பரிசோதனை அறிக்கையை ஒட்டியிருந்தார்கள். பெற்றோர் பார்த்துத் தைரியமாக இருக்கட்டும் என்று. அடியில் என் கையெழுத்து, அழகாக, படிக்கும்படியாக.

அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் என் பிள்ளை மூன்று வாரமாக அதைக் குடித்திருக்கிறான். வெளியே ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தேன்.

அவன் வகுப்பு லூர்து மேரி டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர்கள் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "நீங்கதான போட்டிருக்கீங்க? இத நம்பித்தான பிள்ளைகளுக்குக் குடுத்தோம்" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் திட்டவில்லை. யஹ்யாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே கொட்டினார்கள். அப்போது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மற்ற தாய்மார்கள் இப்போது என்னோடு பேசுவதில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்றைக்கே அண்ணாச்சியிடம் போய் அந்த அறிக்கைகளைத் திரும்ப வாங்கச் சொன்னேன். "ஊரு முழுக்க இப்பிடித்தாம்மா நடக்கு. பிள்ளைக்குச் சரியாயிட்டுல்லா? உங்க வீட்டுக்கு நல்ல தண்ணி கேன் வாரா வாரம் நானே அனுப்பிவைக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்ற பிள்ளைகள் எதைக் குடித்தாலும் என் வீட்டுக்கு மட்டும் நல்ல தண்ணீர். அந்த நிமிஷம் அந்த அறை, அந்த டைல்ஸ், என் வெள்ளைக் கோட்டு எல்லாமே நாறின. கோட்டைக் கழற்றி அவர் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில், நான் போட்ட மூன்று கையெழுத்தையும் சொல்லி, என் பெயரோடு எழுதிக் கொடுத்தேன். வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். விசாரணைக்கு என்னையும் கூப்பிடுவார்கள். நான் செய்தது தப்புதான். போய்ச் சொல்வேன்.

இனி என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது மாமி பி.எட். படிக்கச் சொன்னார்கள். பிள்ளை பெற்றவளுக்கு டீச்சர் வேலைதான் தோது என்று. நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தொழில் தண்ணீரைச் சோதிப்பது ஒன்றுதான். அதைக் கெடுத்தவள் நான், அதிலேயே ஒழுங்காக இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் ஊருக்கு வெளியே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பது தெரிந்தது.

போய்ப் பார்த்தேன். நாற்றம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாசலிலேயே கண் எரிந்தது. அங்கே கோமு என்று ஓர் அக்கா எட்டு வருஷமாக வேலை பார்க்கிறார்கள். "மூணு நாளு சோறு எறங்காது. பொறவு பழகிரும்" என்றார்கள். நான் அங்கே இருந்தபோதே, ஆற்றில் விட வேண்டிய தண்ணீர் சோதனையில் தேறவில்லை. அக்கா அதை அப்படியே எழுதினார்கள். மேலாளர் போனில் சத்தம் போட்டார். "உள்ளதத்தான் சார் எழுதிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரை மறுபடி தொட்டிக்கே ஏற்றினார்கள். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

காலை ஏழிலிருந்து இரண்டு மணி வரை வேலை. மதியத்துக்கு மேல் பிள்ளையோடு இருக்கலாம். மாமி, "மருமவ எங்க போவுதான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். நேற்று, என் மதியச் சோற்றுக்கு ஒரு டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

வரும் திங்கட்கிழமை சேருகிறேன். இதில் உங்கள் மனசு நோகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எனக்காக துஆச் செய்யுங்கள். டிசம்பரில் லீவு கிடைத்தால் வந்துவிடுங்கள். வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டுத்தான் யஹ்யாவைத் தூக்குவேன். நீங்களும் என் பக்கத்தில் வந்து நின்று பாருங்கள். அப்போதும் என்னிடம் வாடை அடித்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அல்லாஹ் உங்களை நோய்நொடி இல்லாமல் எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
ஷம்ஸியா