தண்ணீரோடு மூன்று நாள்

பெர்த்
9 ஜனவரி 1984

என் அன்புத் தவம்,

கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். உன் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. பினாங்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்த கடிதத்தில் ஆறே வரி! அதில் மூன்று வரி வானிலை.

விஸ்வலிங்கம் அண்ணன் உன்னைத் தனியாக விட்டுக் கர்த்தரிடம் போய் நான்கு மாதம். "எழும்புகிறேன், ஆபீஸ் போகிறேன், வருகிறேன். பிஸ்கட் டின் காலியான பிறகுதான் சாப்பிட்டது தெரிகிறது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன், தவம். எனக்கு அந்த டின்னைத் தெரியும்.

இங்கே வந்த புதிதில் ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெண்மணி, நான் உட்கார்ந்ததும் எழுந்து போய் நின்றுகொண்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. என் பருமனில் அவளுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து ஒரு ரொட்டி முழுவதையும் தின்றேன். யாரிடமும் சொன்னதில்லை. பிறகுதான் எங்கள் சபையில் எடை குறைக்கும் குழுவில் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் எடை பார்ப்போம். எங்கே தவறினோம் என்று வெட்கமில்லாமல் சொல்வோம். பசி வந்தால் முதலில் ஜெபம், பிறகுதான் தட்டு. சரீரம் கர்த்தர் தங்கும் வீடு, அதில் கண்டதையும் கொண்டுபோய்க் குவிக்கலாமா? ஒன்றரை வருஷத்தில் பத்தொன்பது கிலோ குறைந்தேன். எடையைவிட, ஏதோ ஒன்று என்னைவிட்டு இறங்கிப் போனது.

நீ அங்கே ஒரு குழு ஆரம்பி. எங்கள் கைப்புத்தகத்தைத் தமிழில் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். சனிக்கிழமை ஒரு மணி நேரமாவது நீ மனிதர்களோடு இருப்பாய்.

உன்னை நினைக்காத நாள் இல்லாத,
ராணி


ஜார்ஜ் டவுன்
20 பிப்ரவரி 1984

அன்புள்ள ராணிக்கு,

நலம். நீ சொன்னபடியே ஆரம்பித்துவிட்டேன். மறுக்க ஒரு காரணம் யோசிக்க வேண்டியிருந்தது, அதற்கும் அலுப்பாக இருந்தது. நம் சபைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் ஒன்பது பேர் கூடுகிறோம். எடை மெஷினைப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கினேன்.

கந்தப்பு அக்காவைத் தெரியுமே, குரல் பெரிய கந்தப்பு அக்கா. நோயாளிக்கு ஜெபம் பண்ணப் போன வீட்டில் நாலு வடை தின்றதாக எழுந்து நின்று அறிக்கையிட்டார். "நோயாளி பார்த்துக்கிட்டே இருந்தார், அவருக்கும் ஒண்ணு வேணும்னு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருத்தியைப் பற்றி எழுத வேண்டும். வள்ளியம்மா. எங்கள் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. பத்து காவான் என்ற ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். வீடு பட்டர்வொர்த்தில், கணவன் அர்ஜுனனுக்கு மாக் மண்டினில் இரும்புப் பட்டறையில் வேலை. இரண்டு வருஷமாக நம் கோயிலுக்கு வருகிறாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், ஆசீர்வாதம் முடிந்ததும் போய்விடுவாள். நம் ஆட்கள் யாரும் அவளைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்ததில்லை. நானும்தான். எண்பத்தெட்டு கிலோ. நாலு வருஷமாக இனிப்பு நீர் வேறு, இரத்தத்தில் சர்க்கரை எப்போதும் அதிகம். கிளினிக் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம்.

அவள் முறை வந்தபோது எழுந்து சொன்னாள்: "தோட்டத்துல சின்ன வயசுல பசியோடயே கெடந்தோம்க்கா. இப்பச் சோறு கெடைக்குது. வெச்சுட்டு எழுந்திரிக்க மனசு வரலலா."

பிறகு கந்தப்பு அக்கா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

என் எடையில் மாற்றம் இல்லை. எதிலும் இல்லை.

அன்புடன்,
தவமணி


பெர்த்
4 மார்ச் 1984

தவம்,

உன் கடிதத்தைக் குழுவில் ஆங்கிலத்தில் சொன்னேன், வள்ளியம்மா சொன்னதைக் கேட்டு இரண்டு பேர் அழுதார்கள். பார், கர்த்தர் உன் கையில் யாரைக் கொடுத்திருக்கிறார் என்று!

ஒரு யோசனை. பெரிய வெள்ளியோடு சேர்த்து மூன்று நாள் உபவாசம். புதன், வியாழன், வெள்ளி. தண்ணீர் மட்டும். சனிக்கிழமை காலை எல்லாரும் சேர்ந்து கஞ்சி குடித்து முடிப்பது. போன வருஷம் நாங்கள் செய்தோம். இரண்டாம் நாள்தான் கஷ்டம். மூன்றாம் நாள் மனசு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உனக்குள் உறைந்து கிடக்கிறதே, அது உடையும். எனக்கு நிச்சயம் தெரியும்.

அன்பு முத்தங்களுடன்,
ராணி


ஜார்ஜ் டவுன்
27 மார்ச் 1984

அன்புள்ள ராணி,

நலம். உபவாசத்துக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஏப்ரல் 18, 19, 20. போதகரும் சந்தோஷப்பட்டார்.

வள்ளியம்மா ஒன்பது கிலோ குறைந்துவிட்டாள். அவள் மெஷினில் ஏறும்போது எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். இப்போது மூன்றாவது பெஞ்சில் கந்தப்பு அக்காவோடு உட்காருகிறாள். போன ஞாயிறு பழைய சேலையின் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துப் போட்டு வந்திருந்தாள். "என் வூட்டுக்காரரு, யாரு இந்தப் பொண்ணுன்னு கேக்குறாருக்கா" என்றாள். அவளைப் பார்த்துக்கொண்டிருக்க நன்றாக இருக்கிறது. அதை மட்டும் உணர முடிகிறது.

ஒன்று கேட்க வேண்டும். அவள் காலையில் இனிப்பு நீருக்கு ஒரு மாத்திரை போடுகிறாள். நேற்று ஆபீசைக் கூட்டிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, மாத்திரயச் சாப்பிட்ட பெறகு போடணும்னு டாக்டரு சொன்னாரு. மூணு நாளு சாப்பாடே இல்லன்னா என்னா பண்றது? பெர்த் அக்காகிட்டக் கேட்டுச் சொல்லுங்கலா." உங்கள் குழுவில் இப்படி யாரும் இருந்தார்களா? மாத்திரையைப் போடலாமா, நிறுத்தலாமா, அல்லது அவள் உபவாசமே இருக்கக் கூடாதா? உடனே எழுது. அவள் தினமும் கேட்பாள்.

தவமணி


பெர்த்
6 ஏப்ரல் 1984

என் அன்புத் தவம்,

ஒன்பது கிலோவா! கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் குதித்தேன், மகன் என்னைப் பைத்தியம் என்கிறான். எங்கள் சபைப் பத்திரிகைக்கு வள்ளியம்மாவின் கதையை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தைத்த ரவிக்கையோடு அவள் படம் ஒன்று எடுத்து அனுப்பு, முகம் நன்றாகத் தெரிய வேண்டும்.

உபவாச நாட்களில் இங்கே நாற்பது பேர் உங்களுக்காக ஜெபிக்கிறோம். பயப்படாதே. ஒன்றுக்கும் பயப்படாதே. நம்மைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்க்கிறவர் அல்ல அவர். ஆரம்பித்ததை முடிக்கிற பெலனை ஒவ்வொருவருக்கும் தருவார்.

மூன்றாம் நாள் உனக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி விடாமல் எழுத வேண்டும்.

ராணி


ஜார்ஜ் டவுன்
8 மே 1984

ராணிக்கு,

மூன்றாம் நாள் நடந்ததை எழுதச் சொன்னாய்.

உன் கடிதம் ஏப்ரல் 14ஆம் தேதி வந்தது. இரண்டு பக்கமும் படித்தேன், உறையையும் பிரித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை வள்ளியம்மா கேட்டாள், பெர்த் அக்கா என்ன எழுதியிருக்கிறார் என்று. பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்ப மாத்திர?" என்றாள். தண்ணீரோடு போட்டுக்கொள் என்றேன். "சரிக்கா" என்றாள்.

புதன் வேலைக்கு வந்தாள். வியாழனும் வந்தாள், கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றாள். இரண்டாம் நாள்தான் கஷ்டம் என்று சொல்லி சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஆராதனையில் அவள் இடம் காலியாக இருந்தது. களைப்பு, தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அர்ஜுனன் காலையில் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்திருக்கிறார். உபவாசத்தில் களைத்துக் கிடக்கிறாள், எழுப்ப வேண்டாம் என்று தானும் பக்கத்தில் படுத்திருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு எழுப்பினால் எழும்பவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் காமாரியாவின் மகனுடைய வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் சர்க்கரையே இல்லையாம். மாத்திரை இருக்கிற சர்க்கரையையும் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பதினோரு நாள் கண் திறக்கவில்லை. இப்போது திறந்திருக்கிறாள். சர்க்கரை இல்லாமல் மூளை பாதித்திருக்கிறது, திரும்புமா தெரியாது என்கிறார் டாக்டர். யாரையும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் அர்ஜுனன் என்னிடம் கேட்டார்.

"அது உங்ககிட்டக் கேட்டுச்சாக்கா, மாத்திரயப் பத்தி?"

"கேட்டாள்."

"என்னா சொன்னீங்க?"

"தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன்."

"ம்" என்றார். எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு கோப்பி. ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். சீனி போட்டிருந்தது. என் உபவாசம் அப்போதுதான் முடிந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகு நினைவு வந்தது.

நான் அழவில்லை. இதுவரை இல்லை.

தவமணி


பெர்த்
19 மே 1984

தவம், என் தவம்,

இங்கே எல்லாரும் இரவும் பகலும் ஜெபத்தில் இருக்கிறோம். கர்த்தர் அவளை எழுப்புவார், நீ விசுவாசத்தைத் தளரவிடாதே.

ஆனால் தவம், கிளினிக்கில் ஏன் கேட்கவில்லை? இங்கே மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் துண்டுச் சீட்டு வாங்கி வந்துதான் உபவாசம் இருப்பார்கள். அது உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, இது யாருடைய குற்றமும் இல்லை. இப்படிப்பட்ட சோதனைகள் ஏன் என்று நமக்குப் புரியாது.

பத்திரிகை முன்பே அச்சாகிப் போய்விட்டது. நீ அனுப்பிய படத்தோடு. தடுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

ராணி


ஜார்ஜ் டவுன்
2 ஜூன் 1984

ராணிக்கு,

என் மார்ச் 27ஆம் தேதிக் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்து, கடைசிப் பத்தியைப் படி.

தவமணி


பெர்த்
16 ஜூலை 1984

அன்புள்ள தவம்,

ஐந்து வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. அந்தப் பத்தி எனக்கு அன்றைக்கே தெரியும். படித்தேன். கவனிக்காமல் விட்டேன் என்று உனக்கு எழுதலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். பொய். படித்தேன், பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாது, டாக்டரிடம் கேள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் நீ உபவாசத்தைத் தள்ளிப்போடுவாய், தள்ளிப்போட்டால் மறுபடி அந்த பிஸ்கட் டின்னுக்கே போய்விடுவாய் என்று நினைத்தேன். அதுகூட முழு உண்மை இல்லை. நான் எழுதிக்கொடுத்த புத்தகம் ஒரு ஊரில் வேலை செய்கிறது என்று நாற்பது பேர் முன்னால் சொல்லியிருந்தேன். அவள் இல்லாமல் அந்தக் கதை இல்லை. அதனால் படத்தைக் கேட்டேன், பதிலை விட்டுவிட்டேன்.

குழுவில் எழுந்து இதைச் சொன்னேன். சிலர் தேற்றினார்கள், சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நானும் நிறுத்திவிட்டேன்.

டிசம்பரில் பத்து நாள் லீவு கிடைக்கும். வருகிறேன். அர்ஜுனனைப் பார்த்து என் வாயால் சொல்ல வேண்டும். வள்ளியம்மாவுக்கு என் கையால் ஏதாவது செய்ய வேண்டும், குளிப்பாட்டவாவது, ஊட்டவாவது. நீ சரி என்றால் டிக்கெட் எடுக்கிறேன். எடுக்கட்டுமா?

ராணி


ஜார்ஜ் டவுன்
12 ஆகஸ்ட் 1984

அன்புள்ள ராணி,

உன் கடிதத்துக்கு நன்றி. கிளினிக் என் ஆபீசுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்த மூன்று வாரமும் தினமும் அதைக் கடந்துதான் நடந்தேன். உள்ளே போய்க் கேட்க ஐந்து நிமிஷம். போக வேண்டும் என்று தோன்றவே இல்லை, எதுவும் தோன்றாத மாதிரியே. உன் பங்கை நீ சொன்னாய், இது என்னுடையது. போதகர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார், கர்த்தருடைய சித்தம் என்றார். என் வாய் சொன்னதைக் கர்த்தர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் பேச இப்போது வார்த்தையும் இல்லை. பட்டர்வொர்த்துக்குப் பெர்ரிப் படகில் போகும்போது சும்மா உட்கார்ந்திருப்பேன், அதுதான் ஜெபம் என்றால் ஜெபம்.

தினமும் போகிறேன். வள்ளியம்மாவை ஜூனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். பேச்சு இல்லை. காலையில் காமாரியா பார்த்துக்கொள்கிறாள், பள்ளிக்கூடம் விட்டதும் நான் போவேன், அர்ஜுனன் தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்புவார். சோற்றைக் குழைத்து மீன் ரசம் விட்டு ஊட்டுகிறேன். முதலில் வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பாள், தொண்டையைத் தடவிவிட வேண்டும். இப்போது விழுங்குகிறாள். என்னை யாரென்று தெரியாது. ஆனால் என் கையைத் தெரிகிறது. வேறு யாராவது ஊட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். ஒருநாள் காய்ச்சலில் நான் போகவில்லை. அன்று முழுக்க வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், காமாரியா எவ்வளவு கெஞ்சியும் வாய் திறக்கவில்லை.

உன் கடிதத்தை நேற்று அர்ஜுனனிடம் படித்துக் காட்டினேன். ஒன்றையும் விடாமல் படித்தேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார். எத்தனை நாள் இருப்பார்கள் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறின பிறகு சொன்னார்:

"எனக்கு அவங்க மேல கோவமில்லக்கா. ஆனா வர வேணாம்னு எழுதிருங்க. பத்து நாளு ஊட்டுனா இதுக்கு அந்தக் கை பழகிரும். அப்புறம் தேடும்."

அதனால் டிக்கெட் எடுக்காதே.

தவமணி