பழைய செய்தித்தாள் கட்டு

என்னங்க,

இருமல் குறைந்ததா? அங்கே மருந்து கொடுக்கிறார்களா?

தான் பிறந்த ஆண்டின் செய்திகளைத் தொகுத்து எழுதச் சொல்லி நம் பெண்ணுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். லைப்ரரி டீச்சரிடம் கேட்டு, பழைய செய்தித்தாள் கட்டை வாங்கிப் பிரித்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் டீச்சரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ஓடினேன்.

மேசையில் விரிந்து கிடந்த முதல் பக்கத்தில், போலீஸ்காரர்களுக்கு நடுவில் நீங்கள். பக்கத்தில் செத்துப்போன அந்தப் பெண்ணின் படம், பள்ளிச் சீருடையில்.

"தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கவே மாட்டேம்மா," என்று டீச்சர் கையைப் பிசைந்தார்.

இவள் அழவில்லை. நீங்கள் கப்பலில் வேலை பார்ப்பதாக இத்தனை வருடம் சொல்லிவந்தேனே, அதைக்கூடக் கேட்கவில்லை.

"செத்துப்போன பொண்ணுக்கு என் வயசுதாம்மா," என்றாள். பிறகு, "அவரு எப்ப வருவாரு?"

"அடுத்த மாசம்."

அன்றிலிருந்து அறையைத் தாழ்போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

விடுதலையன்று அழைத்துப்போக வருவதாக எழுதியிருந்தேன். வரமாட்டேன். உங்கள் துணிமணிகளை உங்கள் அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டேன். நீங்களும் அங்கேயே போய்விடுங்கள். இந்தப் பக்கம் வராதீர்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா